ஒரு தடவை திருகோணமலையில் அமருங்கள்: பாராளுமன்றக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

உள்ளூராட்சி, நீதி ஆகிய துறைகளின் சட்டமூலங்களைப் பரிசீலிக்கும் பாராளுமன்றக் குழுக்களின் மாண்புமிகு தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றப் பதிவகத்தில் எழுதுவினைஞராகக் கடமையாற்றி இளைப்பாறியவன் நான். இப்போது உப்புவெளியில், வீட்டு விறாந்தையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, அயலவர்களுக்கு மனுக்களும் முறைப்பாட்டுக் கடிதங்களும் எழுதிக் கொடுக்கிறேன். கூலி வாங்குவதில்லை. சிலர் முருங்கைக்காய் கொண்டுவந்து தருவார்கள், அதை மறுப்பதுமில்லை. சட்டமூலம் எவ்வாறு சட்டமாகிறது என்று உங்களுக்குப் பாடம் நடத்துவது என் நோக்கமன்று. சட்டமான பின்பு அது எங்கள் ஒழுங்கைக்குள் எந்தக் கோலத்தில் வந்து சேருகிறது என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறேன். உங்கள் குழுக்கள் ஒரு தடவையேனும் திருகோணமலையில் அமர்ந்து, இங்குள்ளவர்கள் சொல்வதை அவர்களுடைய மொழியிலேயே கேட்டறிந்த பின்னரே உள்ளூராட்சி, நீதித் துறைச் சட்டமூலங்களின் வாசகங்களை முடிவுசெய்ய வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

கடந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில், பின்னொழுங்கையில் இடியப்பம் அவித்து விற்கும் அக்கா ஒருவர், பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "தம்பி, இது என்ன கடதாசி எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். பதிவுத் தபாலில் வந்த கடிதம். கையொப்பமிட்டு வாங்கியவர், அரசாங்கத்துக் கடிதமாயிற்றே, தொலைந்துவிடக் கூடாது என்று அம்மன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். லீவில் வரும் மகனிடம் காட்டலாம் என்று காத்திருந்திருக்கிறார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. கடிதம் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. தமிழில் இருந்தது தலைப்பில் அச்சிடப்பட்ட அலுவலகத்தின் பெயர் மாத்திரமே, அதிலும் ஓர் எழுத்துப்பிழை. எந்த அலுவலகம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் அந்த அலுவலகம் ஒரு விளக்கக் கடிதம் எழுதும், காரியம் அத்தோடு முடிந்துவிடும். அதுவும் எந்த மொழியில் வருமோ தெரியாது.

கடிதத்தின் சாரம் இதுதான். வளவுக்குள் வெள்ளம் தேங்குவதாக அவர் செய்த முறைப்பாடு தொடர்பான விசாரணைக்கு, குறித்த நாளில் காலை 9.30 மணிக்கு, காணி உறுதியுடன் அவர் சமுகமளிக்க வேண்டும். தவறினால், முறைப்பாட்டில் அவருக்கு அக்கறையில்லை எனக் கருதிக் கோவை மூடப்படும். நான் அதை வாசித்துச் சொன்னபோது அந்த நாள் கழிந்து 11 நாட்கள் ஆகியிருந்தன. அக்கா அழவுமில்லை, எவரையும் திட்டவுமில்லை. "அக்கறையில்லை எண்டோ எழுதியிருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அவருடைய அக்கறையின் வரலாற்றை நான் அறிவேன், ஏனென்றால் அவருடைய மனுக்களை எழுதியவன் நான்தான். வீதியை உயர்த்திப் போட்டபோது பழைய மதகு மண்ணுக்குள் போய்விட்டது. அதன் பிறகு மாரி பிறந்தால் மேட்டுப் பக்கத்துத் தண்ணீர் முழுவதும் அவருடைய வளவுக்குள் இறங்கி, அடுப்படியில் கணுக்கால் அளவுக்கு நிற்கும். அடுப்பு நனைந்தால் இடியப்பம் இல்லை, இடியப்பம் இல்லாத நாளில் வருமானமும் இல்லை. கார்த்திகையிலும் மார்கழியிலும் அவர் அடுப்பைக் கட்டிலின்மேல் தூக்கி வைத்துவிட்டுக் கீழே நின்று அவிப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். 2023 மாரியில் முதல் மனுவை எழுதிக்கொண்டு போனார். அப்போது உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் அந்த ஆண்டு மார்ச் 19ஆம் திகதியோடு முடிந்துபோயிருந்தது. அதற்கு முன்பே, மார்ச் 9இல் நடக்கவிருந்த தேர்தலுக்குப் பணமில்லை என்று சொல்லப்பட்டது. அந்தத் தேர்தலை நடத்தாமல் விட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்தது 2025 மே 6ஆம் திகதி. நீங்கள் அறியாத கதையில்லை. ஆனால் அந்தத் திகதிகளுக்கு இடையில் இரண்டு மாரி காலங்கள் அடங்கியிருக்கின்றன என்பதையும், அவ்விரண்டிலும் அக்கா போய் முறையிடுவதற்கு ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை என்பதையும் அறிக்கைகளில் காண முடியாது.

தேர்தலுக்குப் பிறகு உறுப்பினர் வந்தார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்தார். மெய்யாகவே வருந்தினார். பிறகு, மதகு வீதியைச் சேர்ந்தது, வீதி சபையைச் சேர்ந்ததன்று, ஆகவே வேறோர் அலுவலகத்துக்கு எழுத வேண்டும் என்றார். எழுதினோம். அங்கிருந்து வந்ததுதான் அம்மன் படத்துக்குப் பின்னால் இருந்த கடிதம்.

மாண்புமிகு உறுப்பினர்களே, கிழக்கு மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ் என்று அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆகையால் அக்காவுக்கு உரிமை இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. குறை வேறோர் இடத்தில் இருக்கிறது. எங்கள் சட்டங்களில் "கருதப்படுதல் வேண்டும்" என்றொரு சொற்றொடர் உண்டு. பதிவுத் தபாலில் அனுப்பப்பட்ட அறிவித்தல் உரியவருக்குச் சேர்ப்பிக்கப்பட்டதாகக் கருதப்படுதல் வேண்டும், வராதவர் அக்கறையற்றவராகக் கருதப்படுதல் வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் அந்தச் சொற்றொடரைப் பிரதி எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், ஏழைகளைத் தோற்கடிப்பதற்கு அதைவிடச் சிக்கனமான வழி சட்டப் புத்தகத்தில் இல்லை. எந்த அறிவித்தலும் பெறுபவரின் மொழியில் அனுப்பப்பட்டாலன்றிச் சேர்ப்பிக்கப்பட்டதாகக் கருதப்படலாகாது என்று ஒரே ஒரு வரியை, குழுநிலையில், அதாவது சட்டமூலம் வாசகம் வாசகமாகப் பரிசீலிக்கப்படும் கட்டத்தில், உங்களில் ஒருவர் முன்மொழியலாம். அதற்குப் பணம் தேவையில்லை, புதிய கட்டடம் தேவையில்லை. ஆனால் அந்த வரியை முன்மொழிய வேண்டும் என்ற எண்ணம், அடுப்பைக் கட்டிலில் வைத்த ஒருவரின் வாயால் நடந்ததைக் கேட்காமல், கோட்டேயில் குளிரூட்டிய அறையில் தானாக வந்துவிடும் என்று நான் நம்பவில்லை. அதனால்தான் இங்கே வந்து அமருங்கள் என்கிறேன்.

சட்டமூலங்களின் தமிழ் உரை பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சட்டங்கள் சிங்களத்திலும் தமிழிலும் இயற்றப்பட வேண்டும் என்கிறது 23ஆம் உறுப்புரை. அவ்வாறே இயற்றப்படுகின்றன. ஆனால் அநேகமான சட்டங்களின் கடைசி வாசகத்தைப் பாருங்கள்: இரு உரைகளுக்கும் இடையில் ஒவ்வாமை ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும். ஒவ்வாமை என்பது எங்கள் பிள்ளைகளுக்கு இறால் சாப்பிட்டால் உடம்பில் தடித்துவரும் வியாதியின் பெயர். ஒவ்வாமை வந்தால் மருந்து கொடுப்பார்கள். இங்கே, நோயாளியையே ஒதுக்கிவிடுவது என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டார்கள். போகட்டும், அதை மாற்றும்படி இம்மடலில் நான் கேட்கவில்லை. அந்த வாசகம் இருக்கும்வரை, தமிழ் உரையை முன்னதாகவே வாசித்துப் பிழை சொல்வதற்கு எங்களுக்கு வாய்ப்புத் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். ஒருமுறை ஒரு சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதியைத் தேடி ஓர் அலுவலகத்துக்கு மூன்று தடவை அலைந்தேன். மூன்றாம் தடவை, "ஐயாவுக்கு சிங்களம் வாசிக்கத் தெரியும்தானே" என்று மரியாதையாகவே சொல்லிச் சிங்களப் பிரதியைத் தந்தார்கள். எனக்குத் தெரியும்தான்.

குழுநிலையைக் குறித்து நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மாகாண சபைத் தேர்தல்கள் திருத்தச் சட்டமூலம் பெண் வேட்பாளர்களின் விகிதத்தைப் பற்றியதாகவே வர்த்தமானியில் வெளிவந்தது. செப்டெம்பர் 20ஆம் திகதி குழுநிலையில் செருகப்பட்ட திருத்தங்களால் தேர்தல் முறையே மாறிப்போயிற்று. வர்த்தமானியில் வந்த சட்டமூலத்தை உயர் நீதிமன்றத்தில் ஆட்சேபிப்பதற்குக் குடிமகனுக்கு வழி உண்டு. குழுநிலையில் வந்த திருத்தத்தை ஆட்சேபிக்க வழியில்லை, ஏனென்றால் சபாநாயகர் சான்றுப்படுத்திய பிறகு எந்த நீதிமன்றமும் அதைக் கேள்விக்குட்படுத்த முடியாது. பத்து நாட்கள் கழித்து, செப்டெம்பர் 30இல், கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்தது. புதிய முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. ஒருவருமே விரும்பாத ஓர் ஏற்பாட்டுக்காக எங்கள் மாகாண சபை இத்தனை ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது. உள்ளூராட்சி என்பது பதின்மூன்றாம் திருத்தத்தின்படி மாகாணத்துக்குரிய விடயம். மாகாணப் பட்டியலிலுள்ள விடயங்களைத் தொடும் சட்டமூலங்களை மாகாண சபைகளின் கருத்துக்கு அனுப்ப வேண்டும் என்றும் அதே திருத்தம் சொல்கிறது. அனுப்பினால் பிரித்து வாசிப்பதற்கு அங்கே யார் இருக்கிறார்கள்? சபை இல்லாத இடத்தில், மக்களிடம் நேரில் வந்து கேட்பதைத் தவிர வேறு வழியை நான் காணவில்லை.

திருகோணமலை தூரம் என்று சொல்லிவிடாதீர்கள். சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பார்க்க வராத அமைச்சர் இல்லை, தூதுவர் இல்லை. துறைமுகத்தைப் பார்க்க வருகிறார்கள், கோணேசர் கோவில் மான்களோடு படம் எடுக்க வருகிறார்கள், புறாமலைக்குப் படகில் போகிறார்கள், கன்னியாவில் வெந்நீர் அள்ளிக் குளிக்கிறார்கள். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர் என்பது எண்ணெய்க்கு அருகாகவும் நியாயத்துக்குத் தொலைவாகவும் இருப்பது விந்தைதான். 2006 ஜனவரி 2ஆம் திகதி இந்த நகரத்தின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். சாட்சிகளைப் பாதுகாக்கும் சட்டம் வந்தது 2015இல். 2019 ஜூலையில் சந்தேக நபர்கள் 13 பேரும் போதிய சாட்சியம் இல்லையென்று விடுவிக்கப்பட்டார்கள். 2021 நவம்பர் 23 காலை, பாலம் கட்டி முடியாத குறிஞ்சாக்கேணியில் இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். பாலம் யாருடையது, படகு யாருடைய அனுமதியில் ஓடியது என்ற கேள்வி பிள்ளைகளை அடக்கம் செய்த பிறகுதான் எழுந்தது. மதகு சபையுடையதன்று என்று அந்த உறுப்பினர் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தது குறிஞ்சாக்கேணிதான்.

மன்னிக்க வேண்டும், ஒரு மதகைப் பற்றி எழுதத் தொடங்கிச் சற்றுத் தடித்த சொற்களில் போய்விட்டேன். மறுபடியும் பணிவுடன் கேட்கிறேன்.

உள்ளூராட்சி பற்றியதும் நீதி நிர்வாகம் பற்றியதுமான சட்டமூலங்கள் உங்கள் முன் வரும்போது, அவற்றின் தமிழ் உரையும், குழுநிலையில் கொண்டுவர எண்ணும் திருத்தங்களின் தமிழ் உரையும் வாசித்து விளங்கப் போதிய நாட்களுக்கு முன்னரே எங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். அதன் பின்னர் திருகோணமலையில் ஓர் அமர்வை நடத்த வேண்டும். இந்த மாவட்டத்தைத் தெரிவுசெய்வதில் உங்களுக்கே ஒரு வசதி இருக்கிறது: மூதூர், கிண்ணியா, வெருகல், தம்பலகாமம், கந்தளாய், கோமரங்கடவல ஆகிய இடங்களிலிருந்து மூவினத்தவரும் ஒரே காலையில் ஒரே மண்டபத்துக்கு வந்து சேரலாம். கோமரங்கடவல விவசாயி ஒருவருக்கு விளங்காத தமிழில் ஓர் அறிவித்தல் போனாலும் அவரும் அக்காவைப் போலவே அக்கறையற்றவராகக் கருதப்படுவார். அவருக்கும் சேர்த்தே இதைக் கேட்கிறேன். கொழும்புக்கு வந்து சாட்சியம் அளிக்கலாமே என்று சொல்வது சுலபம். இரவு பஸ்ஸில் போய், மறுநாள் இரவு பஸ்ஸில் திரும்புகிறவருக்கு இரண்டு நாள் இடியப்பம் போய்விடும். வழியில் பயணச்சீட்டைத் தவிர அவருக்கு வேறெதுவும் தமிழில் கிடைக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது கடினமென்றால், இந்த மாவட்டத்திலேயே இளைப்பாறிய நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் பலர் இருக்கிறார்கள். அழைத்தால் வருவார்கள். மண்டபத்துக்கும் பாடசாலைகள் உண்டு. மாரி தொடங்குமுன் வந்தால் கதிரைகள் நனையாது, மாரியில் வந்தால் நான் சொன்னது உண்மையா என்பதை நீங்களே இறங்கிப் பார்க்கலாம். எந்தக் காலம் என்பதை உங்கள் விருப்பத்துக்கு விடுகிறேன்.

மூடப்பட்ட கோவையைத் திறக்கும்படி அக்காவின் சார்பில் புதிய மனு ஒன்றை எழுதி, பதிவுத் தபாலில், சிங்களத்திலும் தமிழிலுமாக அனுப்பியிருக்கிறேன். அது சேர்ப்பிக்கப்பட்டதாகக் கருதுகிறேன்.

இம்மடலுக்குப் பதில் அனுப்புவதாயின் தயவுசெய்து தமிழில் அனுப்புங்கள். எனக்காகக் கேட்கவில்லை. அக்காவின் பேத்தி ஏழாம் ஆண்டு படிக்கிறாள், நன்றாக வாசிப்பாள். அம்மன் படத்துக்குப் பின்னால் வைக்குமுன் அவளே வாசித்துக் காட்டிவிடுவாள்.

இங்ஙனம்,
உங்கள் உண்மையுள்ள,
இளைப்பாறிய நீதிமன்ற எழுதுவினைஞர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.