கத்தியில்லாமல் முடித்துவிடலாம் என்று சொல்லும் முன்

கடலூர், புதுச்சேரி புற்றுநோய் மருத்துவர்களுக்கு வணக்கம்.

என் அண்ணனுக்குப் பெருங்குடல் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவியிருக்கிறது. "கத்தியே வேண்டாம், கட்டியை உறையவைத்து அழித்துவிடலாம்" என்றார்கள் ஒரு தனியார் மருத்துவமனையில். மறுநாளே பண்ருட்டிப் பக்கம் உள்ள எங்கள் முந்திரித்தோப்புக்கு விலை பேச ஆள் வந்துவிட்டார். அண்ணி ஒன்றுதான் கேட்டார்: "அறுத்து எடுக்க முடியாதுன்னு யாராச்சும் சொன்னாங்களாப்பா?" யாரும் சொல்லவில்லை. அந்தப் பேச்சே எழவில்லை.

குடலிலிருந்து ரத்தம் நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது. நோயும் அந்த வழியே போய்த் தங்குகிறது. பரவிவிட்டால் எல்லாம் போச்சு என்று எங்கள் பக்கம் ஒடிந்துபோகிறார்கள். தகுந்தவர்களுக்குக் கட்டியுள்ள பகுதியை அறுத்தெடுக்கலாம், மிச்சக் கல்லீரல் வளர்ந்துகொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது. ஆகவே கல்லீரல் அறுவை செய்து பழகிய ஒருவர் முதலில் ஸ்கேனைப் பார்க்க வேண்டும்.

உறையவைப்பதை நான் பழிக்கவில்லை. கட்டிக்குள் கம்பியைச் செருகி, திரவ நைட்ரஜனோ ஆர்கான் வாயுவோ செலுத்தினால் சுற்றிலும் பனிக்கட்டி பிடிக்கிறது. உறைந்து உருகி மறுபடி உறைகையில் செல்கள் சாகின்றன. ஆனால் பெரிய ரத்தக்குழாயை ஒட்டிய கட்டியென்றால், ஓடும் ரத்தத்தின் சூட்டில் ஓரத்துச் செல்கள் தப்பிவிடலாம். கல்லீரலில் விரிசல் விட்டு ரத்தம் கசியலாம், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையலாம். இதையெல்லாம் எங்களிடம் யார் சொன்னார்கள்?

இன்னொன்று. கல்லீரலுக்குப் பரவிய புற்றுநோய்களில் இந்தச் சிகிச்சைக்கு என்ன சான்று இருக்கிறது என்று, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் குழு 2019இல் தேடியபோது, யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதில் 123 பேர். அவர்களிலும் ஒரு பகுதியினருக்குக் குடல் அல்ல, வேறு இடத்துப் புற்றுநோய். இதை நம்பியா தோப்பை விற்பது? மைக்ரோவேவால் கட்டியைச் சுட்டு அழிக்கும் முறை இன்று இதைவிடப் பரவலாக இருக்கிறதே, அதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாமே.

அறுவை முடியுமா, முடியாதென்றால் ஏன், ஸ்கேனைப் பார்த்துச் சொன்னது யார், கூடவே கீமோ உண்டா, மொத்தம் எவ்வளவு ஆகும் என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். முன்பணம் கேட்பதற்கு முன்பே கொடுங்கள். "ஜிப்மரிலும் ஒருமுறை காட்டிவிட்டு வாங்க" என்று நீங்களே சொல்லி, ஸ்கேன் சிடியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் தயங்காமல் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
கடலூர் மாவட்டத்து நோயாளி ஒருவரின் தம்பி