சோபா வேண்டாம், ஊஞ்சல் பலகை வரட்டும்

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். மெல்போர்ன் நேரமும் நமக்கு ஒத்துவருவதில்லை. உன் கோயமுத்தூர் வீட்டுச் சாமானைக் கப்பலில் மெல்போர்னுக்கு அனுப்பச் சொல்லி லிஸ்ட் அனுப்பியிருந்தாயே, அதைப் பற்றி எழுதியே விடுகிறேன்.

வியாழக்கிழமை நானும் உங்கம்மாவும் கோபியிலிருந்து பஸ் ஏறி கோயமுத்தூர் சரவணம்பட்டி போய் உன் வீட்டைத் திறந்தோம். காலையிலிருந்து பொழுதோட வரைக்கும் டேப்பும் நோட்டுமாக அளந்தேன். ஈரோட்டு லாரி பார்சல் ஆபீசில் 30 வருஷம் இருந்தவன், சரக்கு என்றாலே எடைதான் எனக்கு முதலில் தோன்றும். கப்பலில் அந்தக் கணக்கு உதவாது. அங்கே சிபிஎம், அதாவது கன மீட்டர். நம் வீட்டு சாமான் மாதிரி லேசான சரக்குக்கு அது எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதற்குத்தான் காசு.

நீ முதலில் எழுதியிருந்த சோபாவையே எடுத்துக்கொள். 210 சென்டி நீளம், 90 அகலம், 85 உயரம். பெருக்கிப் பார்த்தால் 1.6 கன மீட்டர். உன் லிஸ்டில் இருப்பது மொத்தமே நாலுக்குள், அதில் இது ஒன்று மட்டும் இவ்வளவு! உள்ளே என்ன இருக்கிறது? ஸ்பாஞ்சும் காற்றும். விமானத்தில் போட்டால் இன்னும் மோசம். நீள அகல உயரத்தைப் பெருக்கி 6000-ஆல் வகுத்து அதைக் கிலோ என்று வைப்பார்கள். இரண்டு ஆள் சுலபமாகத் தூக்குகிற சோபா அவர்கள் பில்லில் 268 கிலோ ஆகிவிடும். அதை மேல்வீட்டுக்காரர் கேட்கிறார், கொடுத்துவிடுகிறேன். நீ அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்.

கோபியிலிருந்து நீ ஆசையாகக் கொண்டுபோய் மாட்டினாயே, அந்த ஊஞ்சலை லிஸ்டில் காணோம். தேக்குப் பலகை, நாலடிக்கு இரண்டடி, இரண்டு இஞ்ச் கனம். 0.04 கன மீட்டர்கூட வரவில்லை. அதையும் சேர்த்துவிட்டேன். சாப்பாட்டு மேஜையைக் கால் கழற்றி, எழுதுகிற மேஜை, புத்தக அலமாரி, கிரைண்டர், துணிப் பெட்டி இரண்டு என்று வைத்தால் எல்லாம் இரண்டு சிபிஎம்மில் அடங்கும்.

இருபதடி கன்டெய்னரில் சுமார் 33 கன மீட்டர் பிடிக்கும். இரண்டுக்காக அதை முழுசாகப் பிடிக்க முடியுமா? நாலு பேர் சரக்கை ஒரே லாரியில் ஏற்றுகிற மாதிரி, பல பேர் சாமானைச் சேர்த்து அடைத்து அனுப்புவதை எல்.சி.எல். என்கிறார்கள். தூத்துக்குடியில் சேர்ப்பார்கள், கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறும். வழியில் நம் சாமான் மேல் யாருடைய மிஷின் உட்காருமோ தெரியாது, அதனால் மரக்கூட்டில் அடைக்கச் சொல்லியிருக்கிறேன். அந்த மரத்தை உள்ளே 56 டிகிரி சூடு ஏற 30 நிமிஷம் வைத்திருக்க வேண்டும். கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரையும் எச்.டி. என்ற எழுத்தும் இருக்கும். அது இல்லாத பலகையில் அடித்தால் உள்ளே இருப்பது எவ்வளவு நல்ல சாமானானாலும் அந்த மரக்கூட்டாலேயே மாட்டிக்கொள்ளும்.

உன் முக்காலி வராது. கறுப்புத் துணியை விரித்து அதைக் கவிழ்த்து நாலு தட்டுத் தட்டினேன். ஒரு காலிலிருந்து ராகி மாவு மாதிரி சன்னமாகத் தூள் விழுந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் குண்டூசி முனையளவில் மூன்று ஓட்டை. உளு. ஆஸ்திரேலியாக்காரன் மரத்தில் பூச்சி, ஒட்டியிருக்கிற பட்டை, மண் இதையெல்லாம் விடமாட்டான். ஒரு முக்காலிக்காக மொத்தச் சாமானும் மருந்துப்புகை போட நிற்கும், செலவு உன் தலையில். மாப்பிள்ளையின் சைக்கிளையும் அனுப்புவதாக இருந்தால் டயர் மண்ணைக் கழுவித்தான் கட்ட வேண்டும்.

உங்கம்மா சும்மா இருப்பாளா? பூச்சி வராதென்று துணிப் பெட்டிக்குள் வேப்பிலையும் வசம்பும் வைத்துவிட்டாள். அடியில் ஒரு கிலோ கொள்ளு, விரலி மஞ்சள். இதுவும் அங்கே சோதனையில் மாட்டும் என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன். இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. மேஜைக் காலில் சுற்ற பழைய சென்னிமலைப் போர்வையும் பவானி ஜமக்காளமும் துவைத்து வைத்திருக்கிறாள், அது போதும்.

கிரைண்டரும் புதுசு வாங்கித் தரலாம் என்கிறாள். வேண்டாம். 12 மாதத்துக்கு மேல் நீ வைத்துப் புழங்கிய சாமானுக்குத்தான் அங்கே வரி கிடையாது. அங்கேயும் 230 வோல்ட்தான், பழைய கிரைண்டர் ஓடும், பிளக்கை மட்டும் மாற்றிக்கொள். கல்லைக் கழுவி வெயிலில் காயவைத்தாயிற்று.

அப்பாரு, அதாவது உன் தாத்தாவின் பெட்டி விஷயம். நீ கேட்டதும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது ஈட்டி மரம். 2017 முதல் உலக நாடுகளின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது, அந்தக் கனத்துக்கு அனுமதிச் சீட்டு இல்லாமல் போகாது. 100 வருஷம் தாண்டிய கலைப்பொருளை நாட்டை விட்டு அனுப்பக் கூடாதென்று 1972-லேயே சட்டம் இருக்கிறது. பெட்டிக்கு அவ்வளவு வயசில்லை என்று நமக்குத் தெரியும், ஆனால் பார்க்கிறவன் கேட்டால் தொல்லியல் துறைச் சான்றிதழ் காட்ட வேண்டும். அலையலாம், எனக்கென்ன வேலை. இருந்தாலும் அது கட்டிலடியில் இல்லாமல் எனக்கு அந்த அறை சரிப்படாது. இங்கேயே இருக்கட்டும்.

ரேட்டைப் பற்றி ஒன்று. உன் பெரியப்பா மகன் சாமான் அனுப்பினபோது சிபிஎம்முக்கு இவ்வளவுதான் என்று மலிவாகச் சொன்னார்கள். அங்கே போனதும் துறைமுகக் கூலி, கிடங்கு, ஆவணக் கட்டணம் என்று இங்கே கொடுத்ததற்கு மேலேயே வாங்கிவிட்டார்கள். அதனால் வீட்டு வாசல் வரைக்கும் எவ்வளவு, பூச்சிச் சோதனைக் கட்டணம் யார் பொறுப்பு என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வந்தபிறகுதான் முன்பணம்.

நீ அனுப்ப வேண்டியது: பாஸ்போர்ட் நகல், விசா நகல், தனியாக வரும் சாமானுக்கு அங்கே கேட்கிற பி534 படிவம். லிஸ்டில் "வீட்டு சாமான்" என்று மொத்தமாக எழுதாதே, ஒவ்வொன்றாக எழுதி விலை போடு.

ஊஞ்சலின் வலது பக்க வளையம் தேய்ந்து மெலிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து அந்தப் பக்கமே சாய்ந்து உட்காருவாய். புதுசு மாற்றச் சொல்லியிருக்கிறேன். உங்கள் வாடகை வீட்டு மேற்கூரை கொக்கி தாங்குமா, வீட்டுக்காரர் ஓட்டை போட விடுவாரா என்று கேட்டுச் சொல். விடமாட்டார் என்றால் ஆசாரியிடம் சொல்லி, கழற்றி மாட்டுகிற மாதிரி பலகைக்கு இரண்டு கால் செய்துவிடலாம். திங்கட்கிழமை பேக்கிங் ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் தெரிய வேண்டும்.

அப்பா