ஆச்சி கேட்ட கேள்வி

அன்புள்ள சுடலை,

ஆனித் தேரோட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லி வராதவன் நீ, மூன்று மாதமாகப் போன் போடாதவன் நான். கணக்கு சரி. அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது.

எங்கள் பேரூராட்சி அலுவலகத்தில் கூரை மராமத்து நடக்கிறது, பாதிப் பேருக்கு உட்கார இடமில்லை. “ஃபைல் எல்லாம் கம்ப்யூட்டரில்தானே ஓடுது, வாரத்தில் ரெண்டு நாள் வீட்டிலிருந்து பார்க்கட்டும்” என்று முறைப்பட்டியல் போடும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார் செயல் அலுவலர். நீ பெங்களூரில் கைலியோடு மீட்டிங் பார்ப்பதைக் கிண்டல் செய்த பாவம்!

2020 மே மாதம் 50 சதவீத ஆட்களோடு ஆபீஸ் நடந்ததே, ஞாபகம் இருக்கா? திங்கள், செவ்வாய் ஒரு அணி, புதன், வியாழன் இன்னொன்று, வெள்ளி, சனி மறுபடி முதல் அணி. வீட்டில் இருப்பவரும் கூப்பிட்டால் வேலை பார்க்கணும் என்றுதான் உத்தரவு. ஆனால் ஃபைல் பீரோவில் கிடந்தது, வீட்டில் இருந்து என்ன பார்க்க? இப்போது அப்படி இல்லை. எங்கள் ஆபீஸ் தூங்குமூஞ்சி ஒருத்தன், பத்து நாளாகக் கிடந்த பெயர் மாற்ற மனுக்களை ஒரே வீட்டு நாளில் முடித்துவிட்டான்வே!

போன செவ்வாய்க்கிழமை ஒரு ஆச்சி தன் மனு என்னாச்சு என்று கேட்டு வந்தாள், இரண்டாவது தடவை. “மனு பாக்கிறவரு இன்னைக்கு வீட்டுல இருந்து வேலை பாக்காரு ஆச்சி” என்றேன். “அப்ப வீட்டைக் காட்டுய்யா, அங்கயே போறேன்” என்றாள். சிரித்துவிட்டேன். அப்புறம் பார்த்தால், பத்திர நகலில் ஒரு பக்கம் தெளிவில்லை என்று மனு திரும்பியிருக்கிறது. அந்தத் தகவல் போனது திருப்பூரில் இருக்கிற பேரன் போனுக்கு. தெளிவான நகல் அவள் மஞ்சப்பையிலேயே இருந்தது! ஐந்து நிமிஷ வேலை. மறுநாளே பட்டியலை மாற்றினேன். யார் வீட்டில் இருந்தாலும், நகல் வாங்கி ஏற்றத் தெரிந்த ஒருவர் கவுண்டரில் இருந்தாகணும்.

அதோடு விட்டதா? தண்ணீர் திறந்துவிடுகிற அண்ணாச்சி, “எனக்கு எப்ப சார் வீட்டு நாள்? வால்வைத் தூக்கிட்டுப் போகட்டுமா?” என்கிறார். தூய்மைப் பணியாளர்கள் அதைக்கூடக் கேட்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் முதலில் சேற்றில் இறங்கியது அவர்கள்தான். பட்டியலில் அவர்கள் பெயருக்கு நேரே கோடு போடும்போது கை கூசியது.

அக்டோபர் பிறந்தால் 30 நாளுக்குள் சொத்து வரி கட்டி 5 சதவீதம் ஊக்கத்தொகை வாங்கக் கூட்டம் வரும். அதற்குள் கூரை முடியணும். உங்கள் கம்பெனி வாசல் காவலாளிக்கு வீட்டு நாளுக்குப் பதிலாக ஏதாவது கொடுக்கிறார்களா? விசாரித்து எழுது.

உன்,
இசக்கி