ஹாரன் அடிக்கிறது வேணும்னு இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

ரயில்வே கேட் பக்கத்துல குடியிருக்கிற வாசகர் ஒருத்தர், ராத்திரியில ரயில் டிரைவருங்க வேணும்னே ஹாரன் அடிச்சு தூக்கத்தை கெடுக்கறாங்கன்னு போன வாரம் எழுதியிருந்தார். தூக்கம் கெடறது உண்மைதான், மறுக்கல. ஆனா அந்த "வேணும்னே"தான் மனசுக்கு ரொம்ப கஷ்டமா போச்சு, எங்க வீட்டுக்காரர் லோகோ பைலட், அதாவது ரயில் டிரைவர்.

கேட்டுக்கு 600 மீட்டர் முன்னாடியே தண்டவாளத்து ஓரமா மஞ்சள் போர்டு ஒண்ணு இருக்கும், கருப்புல டபிள்யூ/எல்னு எழுதியிருக்கும். அதுலேர்ந்து கேட்டை தாண்டற வரைக்கும் ஹாரன் அடிச்சே ஆகணும், பகல் ராத்திரிங்கற பேச்சே கிடையாது. 110 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி பிரேக் போட்டு நிக்கறதுக்குள்ள ஒரு கிலோமீட்டர் பக்கம் ஓடிடும், மூடின கேட்டுக்கு அடியில பைக்கை சாய்ச்சு நுழையறவங்களை பாத்தப்புறம் பிரேக் போட்டு என்ன பிரயோஜனம், அவங்களை உஷார்படுத்த ஹாரனை விட்டா வேற வழியே இல்ல.

ராத்திரி பூரா இப்படி போர்டையும் சிக்னலையும் பாத்துக்கிட்டேதான் போறாங்க. ஒத்த மஞ்சள் எரிஞ்சா அடுத்தது சிவப்பா இருக்கும், நிக்க தயாராகணும். ஒவ்வொரு சிக்னலையும் லோகோ பைலட்டும் கூட இருக்கற உதவி லோகோ பைலட்டும் வாய்விட்டு சொல்லிக்கணும், தூக்கம் வந்தாலும் சரி மழை கொட்டினாலும் சரி. ட்ராக்ல வேலை நடக்கற இடத்துல ஸ்பீடு போர்டு இருக்கும், அதை தாண்டினதும் வேகம் எடுத்துட முடியாது, தள்ளி டி/பி, டி/ஜின்னு ரெண்டு போர்டு வரும், பாசஞ்சர் வண்டிக்கு ஒண்ணு கூட்ஸுக்கு ஒண்ணு. இன்ஜின் அதுக்கான போர்டுகிட்ட போறப்பதான் கடைசி பெட்டியும் வேலை நடக்கற இடத்தை கடந்திருக்கும். கூட்ஸ் நீளம், அதனால அதோட போர்டு இன்னும் தள்ளி. எவ்வளவு யோசிச்சு வச்சிருக்காங்க பாருங்க. அப்படிப்பட்ட போர்டை சீமைக்கருவேலம் மறைச்சு நின்னா எனக்கு வயித்தை கலக்குது, தயவுசெஞ்சு சம்பந்தப்பட்டவங்க உடனே வெட்டி விடணும், யாரும் அது மேல போஸ்டரும் ஒட்டாதீங்க.

சத்தம் குறையணும்னா டிரைவரை திட்டாம, கேட்டுக்கு பதிலா சப்வேயோ மேம்பாலமோ கேளுங்க. பிராட்கேஜ்ல, அதாவது அகல ரயில் பாதையில, ஆளில்லாத கேட் எல்லாத்தையும் 2019 ஜனவரிக்குள்ள எடுத்துட்டாங்க, ஆள் இருக்கற கேட்டையும் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வர்றாங்க. கேட் போயிட்டா அந்த ஹாரன் போர்டுக்கும் அங்க வேலை இல்ல. அந்த வாசகர் மனு எழுதினா நானும் கையெழுத்து போடறேன்.

இப்படிக்கு,
ஒரு லோகோ பைலட்டோட மனைவி,
விழுப்புரம்