இலக்கு விலையைப் பிரித்துக் காட்டுங்கள்: பங்கு ஆய்வாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தரகு நிறுவனங்களில் ஆய்வறிக்கை எழுதும் அன்பர்களுக்கு,

வணக்கம். காலாண்டு முடிவுகள் வரத் தொடங்கினால் போதும், ‘எதிர்பார்ப்பை மிஞ்சிய லாபம்’ என்று செய்திகள் குவிகின்றன. யாருடைய எதிர்பார்ப்பு? உங்களுடையது. அதை எப்போது எழுதினீர்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் தாராளமாகப் போட்ட லாப மதிப்பீட்டை, முடிவு நெருங்க நெருங்கக் குறைத்துக்கொண்டே வருவது உங்கள் வழக்கம். அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் அடங்கிய எஸ் அண்டு பி 500 பங்குக் குறியீட்டில் ஏறக்குறைய நான்கில் மூன்று நிறுவனங்கள் மதிப்பீட்டை மிஞ்சிவிடுகின்றன. வகுப்பில் முக்கால்வாசிப் பேர் முதல் மதிப்பெண் வாங்கினால், வினாத்தாளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சந்தைக்கு இந்த விளையாட்டு தெரியும். 2024 ஆகஸ்டில் சிப் நிறுவனமான என்விடியா 3,000 கோடி டாலர் காலாண்டு விற்பனை காட்டியது. மதிப்பீட்டைவிட அதிகம்தான், மறுநாளே பங்கு 6 சதவீதத்துக்கு மேல் இறங்கியது. உங்கள் அறிக்கையில் இருந்த எண் ஒன்று, பங்கை வாங்கி வைத்திருந்தவர்கள் மனதில் இருந்த எண் வேறு.

மொத்தச் சந்தையை எடுத்துக்கொண்டால் குழப்பம் இன்னும் கூடுகிறது. 2020-இன் இரண்டாம் காலாண்டில் எஸ் அண்டு பி நிறுவனங்களின் லாபம் முந்தைய ஆண்டைவிடப் பெருமளவு சரிந்தது. அதே மூன்று மாதங்களில் குறியீடு ஏறக்குறைய 20 சதவீதம் ஏறியது. 2022-இல் லாபம் அப்படியொன்றும் சரிந்துவிடவில்லை. ஆனால் அமெரிக்க மத்திய வங்கி வட்டியைப் பூஜ்ஜியத்துக்குப் பக்கத்திலிருந்து 4 சதவீதத்துக்கு மேலே கொண்டுபோக, குறியீடு 19 சதவீதம் விழுந்தது. கோத்தாரி, லூவெல்லன், வார்னர் ஆகிய நிதித்துறைப் பேராசிரியர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: ஒட்டுமொத்த லாபம் எதிர்பாராமல் கூடும் காலங்களில் சந்தை ஏறுவதற்குப் பதிலாக இறங்கவே செய்திருக்கிறது. லாபம் கூடும்போது வட்டியும் சேர்ந்து ஏறுவது அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று. தனித்தனி நிறுவனங்களின் கதை வேறு. அங்கே நல்ல லாபச் செய்திக்குப் பங்கு பொதுவாக ஏறத்தான் செய்கிறது.

லாபம் மட்டுமே விலையைத் தீர்மானிப்பதில்லை என்று தெரிந்தும், பங்கு எந்த விலைக்குப் போகும் என்று கணிக்கும் இலக்கு விலையை நீங்கள் ஒற்றை எண்ணாகத் தருவதுதான் என் குறை. அண்மையில் படித்த ஓர் அறிக்கையின் போக்கை, எண்களை மட்டும் எளிமையாக்கிச் சொல்கிறேன். பங்குக்கு 50 என்றிருந்த அடுத்த ஆண்டு லாப மதிப்பீடு 46 ஆகக் குறைந்திருந்தது. இலக்கு விலையோ 1,000-இலிருந்து 1,104 ஆக ஏறியிருந்தது! லாபத்தை எத்தனை மடங்காக்கினால் விலை வரும் என்று சொல்லும் பி.இ. விகிதத்தை 20-இலிருந்து 24 ஆக்கியிருந்தார்கள். அதற்கான காரணம் ‘எதிர்கால வாய்ப்புகள் தெளிவாகத் தெரிகின்றன’ என்ற ஒரே வாக்கியம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘இலக்கு உயர்வு’. லாபம் குறைந்த கதை உள்ளே ஓர் அட்டவணையில் முடங்கிக் கிடந்தது.

விகிதத்தை மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. வட்டி இறங்கினால் அது ஏறுவது நியாயம்தான். ஆனால் பங்கின் விலை ஏறிவிட்டதே என்று விகிதத்தை ஏற்றுவது ஆய்வாகாது. விலைக்குப் பின்னால் ஓடுவது.

எனவே இலக்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலேயே இரண்டு வரி சேருங்கள். மாற்றத்தில் லாப மதிப்பீட்டால் வந்தது எவ்வளவு, விகிதத்தால் வந்தது எவ்வளவு என்பது ஒன்று. அந்த ஆண்டுக்கு நீங்கள் முதன்முதலில் போட்ட மதிப்பீடும் அதன் தேதியும் இன்னொன்று. இரண்டுமே உங்கள் கணக்குத் தாளில் ஏற்கெனவே இருப்பவை.

இப்படிக்கு,
உங்கள் அறிக்கைகளைக் கடைசிப் பக்கம் வரை படிக்கும் ஒரு சிறு முதலீட்டாளர்