செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், கடற்படைப் பணியிலிருந்து ஓய்வுபெற்று இன்று குடும்பத்தோடு வந்திருக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

டிசம்பர் 4 கடற்படை நாள் கூடுகை, டிசம்பர் 7 கொடிநாள் நிதி திரட்டல், ஓய்வூதியர்களுக்கு ஸ்பர்ஷ் என்னும் இணையவழி ஓய்வூதிய முறையில் வாழ்நாள் சான்று பதிந்து கொடுத்தல் ஆகியவை வழக்கம்போல் நடந்தேறின. மாதக் கூட்டக் குறிப்புகளில் இவற்றின் விவரம் இருப்பதால் இங்கே விரிக்கவில்லை. இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி குளச்சல் பக்கத்தைச் சேர்ந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்காகச் செலவானது. அதைப் பற்றியே இவ்வறிக்கை பெரிதும் பேசுகிறது.

அவரை நாம் அனைவரும் ஸ்டோக்கர் (கப்பலில் கொதிகலனைக் கவனிப்பவர்) அண்ணன் என்றே அழைக்கிறோம். லோனாவாலாவில் உள்ள ஐ.என்.எஸ். சிவாஜியில் பயிற்சி முடித்து, 1971 போரின்போது விமானந்தாங்கிக் கப்பலான விக்ராந்தின் கொதிகலன் அறையில் பணியாற்றியவர். அக்கப்பலின் நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல் கண்டிருந்ததால், மற்ற மூன்றைக் கொண்டே வேகம் குறைவாக ஓட வேண்டியிருந்தது. அந்த நிலையிலும் டிசம்பர் 4 அன்று அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின என்பதை நம்மில் பலர் அவர் வாயாலேயே கேட்டிருக்கிறோம்.

மழைக்காலத்தில் ஓர் இரவு அவருக்கு நெஞ்சுவலி வந்தபோது, வீட்டார் பதற்றத்தில் அருகிலிருந்த தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுசென்றனர். அது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனை அன்று. அங்கீகாரம் இல்லாத இடத்தில் அவசரமாகச் சேர்க்க நேர்ந்தால், 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள பாலிகிளினிக்குக்கு, அதாவது அத்திட்டத்தின் மருத்துவ நிலையத்துக்கு, தெரிவிக்க வேண்டும் என்ற விதியை அறிந்திருந்த நம் துணைச் செயலாளர், விடிந்ததும் நாகர்கோவில் பாலிகிளினிக்குக்குச் சென்று எழுத்து மூலம் பதிவு செய்தார். செலவுத் தொகையைத் திரும்பக் கோருவதற்கு அந்த ஒரு தாளே இன்று அடிப்படையாக இருக்கிறது. ஆஞ்சியோகிராமில் மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு தெரியவரவே, முறையான பரிந்துரைக் கடிதம் பெற்று, திருவனந்தபுரத்தில் அங்கீகாரம் பெற்ற ஒரு மருத்துவமனையில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்யப்பட்டது.

ரத்தம் தேவைப்பட்டபோது ஒரு சங்கடம் எழுந்தது. 65 வயதைக் கடந்தவர்களிடம் ரத்தம் பெறுவதில்லை என்பதால், கொடுக்கத் துடித்து வரிசையில் நின்ற நம்மவர்கள் அனைவரும் திரும்ப வேண்டியதாயிற்று. உறுப்பினர்களின் மகன்களும் முட்டத்திலிருந்து வந்த மீனவ இளைஞர்களும் கொடுத்து உதவினர். அவர்களுக்குச் சங்கம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது.

முதல் இரு நாள்கள் நாம் கூட்டமாகச் சென்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலை அடைத்துக்கொண்டு நின்றதைச் செவிலியர் கண்டித்தார், கண்டித்தது நியாயமே. அதன்பின் கப்பலில் வாட்ச் பிரித்துக்கொள்வதைப் போல முறை வைத்து, வேளைக்கு ஒருவராக இருந்தோம். கொதிகலன் அறையில் கழித்த ஆண்டுகளால் காது மந்தமாகிவிட்ட அவருக்கு மருத்துவர் சொல்வதெல்லாம் பெரிய எழுத்தில் எழுதிக் காட்ட ஆள் தேவைப்பட்டது. பொன்னாடை போர்த்துவதில் நாம் காட்டும் ஆர்வத்தில் பாதியையாவது இத்தகைய வேலைகளில் காட்டினால் நல்லது என்பது செயலாளரின் தனிப்பட்ட கருத்து.

கொச்சியிலும் விசாகப்பட்டினத்திலும் வாழும் அவருடைய பழைய கப்பல் தோழர்கள் வாழ்த்துகளைக் குரல்பதிவாக அனுப்பினர். அவற்றைக் காதருகே வைத்து உரத்த ஒலியில் கேட்டார். நாமும் ஒவ்வொருவரும் நம் படை எண்ணுடன் கையெழுத்திட்டு ஒரு வாழ்த்துமடல் கொடுத்தோம். அதைப் படித்துவிட்டு, "மூணு பாய்லர்ல ஓடுன கப்பல் கரைக்கு வரலியாடே?" என்று அவர் சிரித்தார். நெஞ்செலும்பு கூடும்வரை சிரிப்பதும் இருமுவதும் வலிக்கும் என்பதால், அவரைச் சிரிக்க வைக்க வேண்டாமென்று அவருடைய துணைவியார் நம்மைக் கேட்டுக்கொண்டார்.

இப்போது அவர் வீட்டு முற்றத்திலும் தெருவிலும் நடக்கிறார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதால், பார்க்கச் செல்வோர் கருவாடு கொண்டுபோக வேண்டாம். ஏற்கெனவே இருவர் கொண்டுபோய்த் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்கள். வரும் கடற்படை நாளில் கொடியேற்ற அவரை அழைப்பது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

இந்த அனுபவத்தை முன்னிட்டு, ஒவ்வொரு உறுப்பினரும் மருத்துவ அட்டையின் நகல், ரத்த வகை, அவசரத்தில் அழைக்க வேண்டிய உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை அடுத்த மாதக் கூட்டத்திற்குள் என்னிடம் ஒப்படைக்க வேண்டுகிறேன். அட்டை எங்கே இருக்கிறது என்பதும், எந்த மருத்துவமனைகள் அங்கீகாரம் பெற்றவை என்பதும் மனைவிக்கோ பிள்ளைகளுக்கோ தெரிந்திருக்க வேண்டும். நம் அண்ணனின் அசல் ரசீதுகளும் அவசரச் சான்றும் டிஸ்சார்ஜ் சுருக்கமும் கோரிக்கை மனுவுடன் சமர்ப்பிக்கப்பட்டுள்ளன. தொகை இன்னும் வரவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்