கல்யாணப் பந்தியில் தண்ணீர் பாட்டில் வேண்டாம், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். போனில் நீ சொன்னது மனசிலேயே நிற்கிறது. "வருஷம் பூரா பையும் டப்பாவும் தூக்கிட்டுத்தான் கடைக்குப் போறேன். என் கல்யாணத்துல பிளாஸ்டிக் வேண்டாம்னு பேசினா வீட்ல சண்டைதான் வரும், விட்டுடலாம் சித்தி" என்றாய். விடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சொந்தபந்தம் எல்லாம் கூடி உன்னைப் பார்க்கிற நாளில், நீ நம்புகிற ஒன்றை எதற்கு ஒளித்து வைக்க வேண்டும்?

அடுத்து ஏதாவது கல்யாணத்துக்குப் போனால், பந்தி முடிந்ததும் கொஞ்ச நேரம் நின்று பார். இலைக்கு அடியில் நீளமாகப் பேப்பர் ரோல் விரித்திருப்பார்கள். எல்லாரும் எழுந்ததும், சுத்தம் செய்கிற அம்மா ஒரு முனையிலிருந்து அதைச் சுருட்டிக்கொண்டே வருவார். இலை, மிச்சச் சோறு, பாயசக் கப், ஐஸ்கிரீம் கப், ஸ்பூன், பாதி குடித்த பாட்டில் எல்லாம் ஒரே சுருளாகிவிடும். வாழையிலை தானே மட்கிப் போகிற பொருள். ஆனால் இந்தச் சுருளுக்குள் போன இலையை மாட்டுக்கும் போட முடியாது, உரக்குழிக்கும் அனுப்ப முடியாது. அவ்வளவையும் தனித்தனியாகப் பிரிக்க அந்த அம்மாவுக்கு நேரம் ஏது? அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்கிறார்கள்.

மேசையில் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப், துணி மாதிரியே தெரிகிற அந்த நான்-ஓவன் தாம்பூலப் பை எல்லாமே தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை. நான்-ஓவன் பை துணியே இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். உங்க அப்பாவிடம் இதைச் சொல். சுற்றுச்சூழல் என்றால் பேச்சை மாற்றுவார், சட்டம் என்றால் உட்கார்ந்து கேட்பார்.

உன் மண்டபம் வேளச்சேரியில். தென்சென்னைக் குப்பை எத்தனையோ வருஷமாகப் போய்ச் சேர்ந்த இடம் பக்கத்திலேயே பெருங்குடியில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் மேலேயே இருக்கிறது. 2022 ஏப்ரலில் அந்தக் குப்பைமேடு பற்றி எரிந்து, சுற்றுவட்டாரமே புகையில் திணறியது. அதே வருஷம்தான் பள்ளிக்கரணைக்கு, உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலம் என்கிற ராம்சர் அங்கீகாரமும் கிடைத்தது. சோறும் இலையும் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து காற்றுப் புகாமல் அழுகினால் மீத்தேன் என்கிற எரியும் வாயு வரும். குப்பைமேட்டில் தீ லேசில் அணையாததற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் பாட்டில். பாட்டில் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு: தண்ணீர் ஊற்றுகிற ஆளும் டம்ளர் கழுவுகிற ஆளும் மிச்சம். அதனால் பாட்டிலை நிறுத்துகிறவர்கள் அந்த ஆட்களுக்குக் கூலி கொடுக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். நம் கொள்கைக்காக, ஏற்கெனவே இடுப்பொடிய வேலை செய்கிறவர்கள் தலையில் இன்னும் கொஞ்சம் பாத்திரத்தைக் கட்டக் கூடாது. சமையல் காண்ட்ராக்டர் ஒரு இலைக்கு இவ்வளவு என்று ரேட் சொல்லும்போது பாட்டிலும் கப்பும் பேப்பர் ரோலும் அதற்குள்ளேயே இருக்கும். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் அதையெல்லாம் கழிக்கச் சொல். அந்தப் பணத்தில் பாத்திர வாடகைக் கடையில் எவர்சில்வர் டம்ளரும் ஜக்கும் எடுத்துக்கொண்டு, கழுவவும் ஊற்றவும் தனியாக ஆள் போடு. மேசையைப் பந்திக்குப் பந்தி ஈரத்துணியால் துடைத்தால் போதும், ரோல் தேவையே இல்லை.

அப்புறம் மெனு. ஐஸ்கிரீம் வேண்டாம்; கப்பும் ஸ்பூனும் அதோடுதான் வருகின்றன. பாயசத்தை இலையிலேயே ஊற்றட்டும், நம் தாத்தா அப்படித்தான் சாப்பிட்டார். வகையைக் குறைத்தால் கௌரவம் குறையும் என்று அக்கா வருத்தப்படுவாள். கேட்டுக் கேட்டுப் பரிமாற நல்ல ஆட்கள் இருந்தால் வகை குறைந்தது யாருக்கும் தோன்றாது.

தாம்பூலத்துக்கு மஞ்சப்பை நல்லதுதான். ஆனால் உங்கள் இரண்டு பேர் படத்தையும் பெரிசாக அச்சடித்துவிடாதே. அந்தப் பையை யாரும் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போக மாட்டார்கள். வெறும் பையாகக் கொடுத்தால் கிழிகிற வரைக்கும் உழைக்கும். மரக்கன்று கொடுக்கிற யோசனை எனக்கு உவப்பாக இல்லை. மாடி வீட்டில் இருப்பவர்கள் அதை எங்கே நடுவார்கள்? கன்று வாடிவிடும், அதைச் சுற்றிய கறுப்பு பாலிதீன் மட்டும் மிஞ்சும்.

மேடை அலங்காரத்தில் ஒன்றை மட்டும் கவனி. பூக்காம்பைக் குத்தி நிறுத்துகிற அந்தப் பச்சை ஸ்பாஞ்சும் ஒருவகைப் பிளாஸ்டிக்தான், விரல் பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். சரம் சரமாகத் தொங்கவிடச் சொல்லிவிட்டால் அது தேவைப்படாது.

மாப்பிள்ளை வீட்டில் ஏதாவது ஒன்றில் பிடிவாதமாக இருந்தால் விட்டுக்கொடு. வீடியோ, லைட், பட்டுப்புடவை எதிலும் நான் குறுக்கே வரவில்லை. பந்தியில் மட்டும் நில்.

சமையல்காரர் ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றாயே, நானும் வருகிறேன். அக்காவிடம் அதற்கு முன்னாலேயே பேசிவிடுகிறேன். நீ மாப்பிள்ளை வீட்டில் ஒரு வார்த்தை சொல்லி வை.

அன்புடன்,
சித்தி